பெட்டி உடற்பகுதி (மாதிரி வானூர்தி)

பெட்டி உடற்பகுதி என்பது பால்சா மரத்தாலான மாதிரி வானூர்திகளின் உடற்பகுதியை எளிதாகக் கட்டும் முறைகளுள் ஒன்றாகும். வட்டக் குறுக்குவெட்டுடைய உடற்பகுதிக்கு வளைவான சட்டங்கள் பல தேவை. இம்முறையில் இரு தட்டையான பக்கப் பலகைகளும் சில செவ்வகச் சட்டங்களுமே போதுமானவை.

கட்டும் முறை

சுமார் 1 மீட்டர் இறக்கை நீளமுள்ள மாதிரிக்கு 2 முதல் 3 மிமீ தடிப்புள்ள இரு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒருசேர வெட்டப்படுகின்றன. மரத்தின் இழையோட்டம் பக்கங்களில் நீளவாட்டிலும், மேல், கீழ் மூடிகளில் குறுக்காகவும் அமையும். கையில் பிடிக்கும்போது பக்கங்கள் நசுங்காமல் இது காக்கிறது. இறக்கை அமரும் இடத்தில் உட்புறமாக மெல்லிய ஒட்டுப்பலகை ஒட்டப்படும்.

கவனிக்க வேண்டியவை

இரு பலகைகளும் ஒரே கடினத்தன்மை உடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையெனில், வால்முனையில் இணைக்கும்போது மென்மையான பலகை கூடுதலாக வளைந்து உடற்பகுதி கோணலாகும். வானூர்தி நேராகப் பறக்காது. இதனைத் தவிர்க்க, மேற்பார்வை வரைபடத்தின் மையக்கோட்டின்மேல் பொருத்தி ஒட்டுவர்.