மருந்தென்னும் நஞ்சும் நரம்பின் இடைவெளியும்

குன்னம் வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் பருத்தி விளைவிப்போர் பூச்சிக்கொல்லி தெளிப்பதை 'மருந்தடித்தல்' என்பர். தமிழகமெங்கும் வழங்கும் சொல்தான். எனினும் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்களுள் சிலர் நஞ்சேறி மாண்ட செய்தியைப் படித்தபின் அச்சொல் நம்மை நெருடத் தொடங்கியது. அதே பருவத்தில் மராட்டியத்தின் யவத்மாலிலும் இருபது பேருக்கு மேல் இறந்தனர். புழுவுக்குத் தெளித்தது மனிதனை எவ்வாறு வீழ்த்துகிறது? பருத்திக்கு அடிக்கும் மருந்துகளுள் கொடியதான ஆர்கனோபாஸ்பேட் வகையைக் கொண்டு இதனை ஆராய்வோம். விடை நரம்பின் வரலாற்றில் இருக்கிறது.

பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறித்தது. நம் பேச்சிலோ இரத்தக் குழாயும் நரம்புதான். ('நரம்பு ஊசி' போட்டுக்கொள்ளாதவர் நம்மில் எவர்?) இழுத்துக் கட்டிய, அறுபடாத இழை என்ற எண்ணமே இச்சொல்லுக்குள் உறைந்துள்ளது. ஐரோப்பிய அறிஞர் பலரும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினர். 1873இல் வெள்ளி உப்பால் நரம்பணுக்களைக் கருமையாக்கிக் காணும் முறையைக் கண்டறிந்த இத்தாலியர் கோல்கி, மூளை முழுதும் ஒரே வலை என்றார். அதே முறையைக் கையாண்ட ஸ்பெயின் நாட்டுக் கஹால், 1888 முதல் அதனை மறுத்தார். ஒவ்வொன்றும் தனி அணு; கிளை விரிந்த இழைகளால் செய்தி பெற்று, நீண்ட ஒற்றை இழை வழியே அனுப்புகிறது; அடுத்த அணுவை நெருங்குகிறதேயன்றி அதனோடு ஒன்றாவதில்லை என்றார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசேற்புரையிலேயே கோல்கி கஹாலின் கொள்கையைச் சாடினார் என்பது சுவையான செய்தி. வென்றது கஹாலின் கொள்கையே.

அப்படியானால் இழையில் ஓடிவரும் மின்துடிப்பு இடைவெளியைக் கடப்பது எங்ஙனம்? ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவி, கனவில் தோன்றிய சோதனையொன்றை நள்ளிரவில் எழுந்து செய்து பார்த்தவர். ஒரு தவளையின் இதயத்தோடு இணைந்த நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அவ்விதயம் கிடந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் விட, அதுவும் தணிந்தது. செய்தியைக் கொண்டு சென்றது மின்சாரமன்று, ஒரு வேதிப்பொருள். 1921இல் வெளியான இம்முடிவு, பின்னர் அப்பொருள் அசிட்டைல்கோலின் எனத் தெளியவும் வழிவகுத்தது. தசையை இயக்க நரம்பு விடுக்கும் தூதும் அதுவே. தூது முடிந்த கணமே அதனைச் சிதைத்துத் துடைக்க ஒரு நொதி அங்குக் காத்திருக்கிறது. துடைக்காவிடில் தசை ஓயாது.

1936 டிசம்பர் 10 அன்று லோவியும் ஆங்கிலேயர் டேலும் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். இரு வாரம் கழியுமுன், டிசம்பர் 23 அன்று ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் வேதியியலாளர், பூச்சிக்கொல்லி தேடும் முயற்சியில் 'தாபுன்' என்ற சேர்மத்தை உருவாக்கினார். அடுத்த மாதம் அதன் சிறு அளவே அவருடைய கண்மணியைச் சுருக்கி மூச்சை முட்டச் செய்தது. அந்நஞ்சு முடக்குவது மேற்சொன்ன நொதியைத்தான். படைத்துறை அதனைப் போர்க்கருவியாக்கிற்று. லோவியையோ 1938இல் நாஜிகள் சிறையிட்டு, நோபல் பணத்தையும் பறித்தனர்.

அக்குடும்பத்தின் பிற்கால வாரிசுகளே மோனோகுரோட்டோபாசும் புரோபெனோபாசும். பூச்சியின் நரம்புக்கும் நம் நரம்புக்கும் இந்நொதி பொது. முதுகில் சுமந்த தெளிப்பானிலிருந்து கசிவது தோல் வழியே உட்புகும். காற்று எதிர்த்து வீசினால் மூச்சிலும் ஏறும். வியர்வை, எச்சில் பெருக்கு, கண்மணிச் சுருக்கம், தசைத் துடிப்பு, இறுதியில் மூச்சுத் தசைகளின் செயலிழப்பு. வெயில் மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்துக் காத்திருக்கும் நேரமே உயிரைக் கொண்டுபோகும். மருத்துவமனையில் தரப்படும் அட்ரோபின், அசிட்டைல்கோலின் அமரும் இடங்களுள் ஒரு வகையை அடைத்துக் காக்கிறது. தசைகளின் முடக்கத்தை அது தீர்ப்பதில்லை. ஆகவே செயற்கை மூச்சும் வேண்டியிருக்கிறது.

2023இல் மைய அரசு 36 விழுக்காட்டு மோனோகுரோட்டோபாசுக்குத் தடை விதித்தது. புரோபெனோபாஸ் அத்தடையில் இடம்பெறவில்லை.