மரவட்டு ஏன் மீண்டது?

ஒரு கருவி வழக்கொழிந்தது என்று எழுதும் வரலாற்றாளர், அது எந்தப் பொருளின் துணையாக இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களே சான்று. பாய்மரத்தைத் தாங்கிய நார்க்கயிறு, கீழ்முனையில் மூன்று துளையுள்ள மரவட்டைச் சுற்றி வளைத்துக் கட்டப்பட்டது. கப்பலின் பக்கத்தில் அதற்கு இணையாக இன்னொரு வட்டு. இரண்டுக்கும் இடையே கோத்த சிறுகயிற்றை இழுத்து இறுக்கினர்.

1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக இரும்புக் கம்பிவடம் செய்தார். அது கப்பலேறியபின், காலப்போக்கில் மரவட்டின் இடத்தைத் திருகு இறுக்கி பிடித்தது. பாய்மரத்தின் பொருத்துறுப்புகளும் கம்பிக்கேற்ப மாறின.

1979இல் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகியோர் நெதர்லாந்தில் காப்புரிமை கோரிய முறையில் பிறந்த டைனீமா இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலியது, நீரில் மிதப்பது. ஆயினும், கம்பிக்கென அமைந்த குறுகிய ஊசியிலும் கூர்விளிம்பிலும் மாட்டினால் வலுவிழக்கும். ஓயாத சுமையில் மெல்ல நீளும். ஆகவே அதற்கு வழவழப்பான அகன்ற வளைவும், அவ்வப்போது இறுக்கும் வசதியும் தேவை. இவ்விரண்டையும் மரவட்டு முன்பே தந்திருந்தது. இன்று அது அலுமினிய வட்டாகப் படகேறியுள்ளது.

வழக்கொழிந்தது வட்டன்று, அதன் கயிறே. கயிறு திரும்பியதும் வட்டும் திரும்பியது.