வாடகைக் காசு கைமாறும்போது சாட்சி யார்?

ஊரில் ஆசிரியராக இருப்பவரிடம் பாடம் படிப்பிப்பதோடு வேலை முடிவதில்லை. கடிதம் எழுத, படிவம் நிரப்ப, வாடகை உடன்படிக்கைக்கு வசனம் சொல்லிக் கொடுக்க என்று ஆட்கள் வருவார்கள். அப்படி என்னிடம் வந்த வாடகைப் பிணக்குகளில் அதிகமானவை வாடகை கூடியதா, குறைந்ததா என்பதைப் பற்றியவை அல்ல. ஒருவர் "கையில் கொடுத்தேன்" என்பார், மற்றவர் "தரவில்லை" என்பார். இருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது.

வாடகையைக் காசாகக் கொடுப்பதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால், கொடுத்தேன் என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத குடியிருப்பாளர் அங்கேயே தடுமாறி விடுகிறார். வீட்டுக்காரருக்கும் இதே கதிதான். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை இல்லாதவர், எந்த மாதம் நிலுவை என்று எதை வைத்துச் சொல்வார்?

அடுத்தது முற்பணம். இரண்டு வருட வாடகையை ஒன்றாகக் கட்டிவிட்டு, முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பம் வைத்தால் இரண்டு வருடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி இது. அந்தத் தாள் பணம் கைமாறியதற்குச் சான்றாகலாம், இரண்டு வருடக் குத்தகையாகாது.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது. கடைத்தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்லா வீடுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை என்பதும் உண்மை. உங்கள் வீடு வருமா என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வீட்டுக்காரர் மௌத்தான பிறகு வரும் பிணக்கு. ஐந்து இலட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன் என்கிறார் குடியிருப்பவர். இத்தாவில் இருக்கும் மனைவிக்கு அது தெரியாது. வெளிநாட்டிலுள்ள மகன் மூன்று இலட்சம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் ஒரு கடன். சொத்தைப் பங்கு பிரிக்க முன்னர் மரணித்தவரின் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தொகை தெரியாத கடனை எப்படித் தீர்ப்பது? கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் கைக்குக் கை முடியும் வியாபாரத்துக்கு விலக்களிக்கிறது. அதைக் காட்டிச் சிலர் வாதாடுகிறார்கள். வருடக்கணக்கில் இன்னொருவர் கையில் நிற்கும் அட்வான்ஸ் கைக்குக் கை முடிந்த கொடுக்கல் வாங்கலா?

பற்றுச்சீட்டு எழுத வீட்டுக்காரர்கள் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வரிப் பயம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. வேறு பெரிய வருமானம் இல்லாத ஒருவர் மாதம் 30,000 ரூபா வாடகை எடுத்தால் வருடத்துக்கு 3,60,000 ரூபாதான் வரும். இதற்காகவா பற்றுச்சீட்டை மறுப்பது? பல வீடுகளை வாடகைக்கு விட்டு இலட்சக்கணக்கில் எடுப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

வாடகையை வாங்கவே மறுத்து, பிறகு நிலுவை என்று வழக்குப் போடும் வீட்டுக்காரர்களும் உண்டு. வாடகைச் சட்டத்துக்குட்பட்ட வீடு என்றால் குடியிருப்பாளர் அந்தப் பணத்தை மாநகர சபை, நகர சபை போன்ற உள்ளூராட்சி நிறுவனத்தில் அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். அது வீட்டுக்காரருக்குக் கட்டியதாகவே கொள்ளப்படும்.

பற்றுச்சீட்டில் திகதி, எந்த மாத வாடகை, தொகை எழுத்திலும் இலக்கத்திலும், வீட்டு இலக்கம், பெற்றவரின் கையொப்பம் இருந்தால் போதும். அட்வான்ஸ், கரண்ட் பில், வாடகை மூன்றையும் ஒரே தொகையாக எழுத வேண்டாம். காசாகவே கொடுக்க விரும்பினால் அதை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு, "ஜூன் மாத வாடகை" என்று சிட்டையில் எழுதி வைத்துக் கொள்ளலாம். அதுவும் முடியாத இடத்தில், பணத்தைக் கொடுத்த கையோடு "ஜூன் வாடகை 30,000 கிடைத்தது" என்று வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வட்ஸ்அப் செய்தியாவது கேட்டு வாங்குங்கள். போனை மாற்றும்போது அதை அழித்து விடாதீர்கள்.