சகோக்கு (ஜப்பானின் தனிமைக் கொள்கை)

ஜப்பானின் டொக்குகாவா ஆட்சியாளர்கள் 1630களில் வகுத்து, 1854 வரை கடைப்பிடித்த அயலுறவுக் கட்டுப்பாடு. ஜப்பானியர் வெளிநாடு செல்வது 1635இல் தடைசெய்யப்பட்டது. 1639இல் போர்ச்சுக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். கதவு முழுதும் அடைபடவில்லை. நாகசாகியில் சீனரும், 1641 முதல் அங்குள்ள தெஜிமா தீவில் டச்சுக்காரரும் வணிகம் செய்தனர். சுஷிமா வழியாகக் கொரியத் தொடர்பும் நீடித்தது.

ஆதரவு வாதங்கள்: கிறித்தவ சமயப் பரப்பலும் ஐரோப்பிய ஆதிக்கமும் உள்ளே வராமல் தடுக்கலாம், உள்நாட்டு அமைதி நிலைக்கும். நாகசாகியில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கேம்ப்பர், தன்னிறைவு பெற்ற நாட்டுக்கு இது பொருந்தும் என்றார். அறிஞர் ஐசாவா செய்ஷிசாய் 1825இல் அந்நியரை விலக்கவேண்டும் என வலியுறுத்தினார்.

எதிர் வாதங்கள்: கப்பற்கலையிலும் படைக்கலத்திலும் நாடு பின்தங்கும், உலக நடப்பு அறியாமல் எடுக்கும் முடிவு ஆபத்தாகும். அந்நியக் கப்பல்களை விரட்டும் கொள்கையைக் குறைகூறிய வத்தனாபே கசான், தக்கானோ சோயெய் ஆகியோர் 1839இல் தண்டிக்கப்பட்டனர்.

அமெரிக்கத் தளபதி மாத்யூ பெரியின் போர்க்கப்பல்கள் 1853இல் வந்தன. மறு ஆண்டு, இக்கொள்கையை முடிவுக்குக் கொண்டுவந்த கனகாவா உடன்படிக்கை கையெழுத்தானது. இரு நூற்றாண்டு அமைதி இக்கொள்கைக் காலத்தின் பேறு. மேலைநாடுகளுடனான 1858இன் சமனற்ற ஒப்பந்தங்களை மறுக்க இயலாத படைவலுக்குறைவு அதன் விலை.