அக்கரையில் இறங்கிய அமெரிக்கா

'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்பார்கள் ராமநாதபுரம் பக்கம். பூமி முதலில் உண்டானதா, உத்தரகோசமங்கை முதலில் உண்டானதா என்று கேட்கிற அளவுக்குப் பழைய ஊராம்! ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வருஷம் முழுக்க சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கும் மரகத நடராஜர், ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும் காப்பு களைந்து காட்சி தருகிற தலம். மாணிக்கவாசகர் உருகி உருகிப் பாடிய தலம்.

இந்த ஊருக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் கடல் தாண்டி வர வேண்டும்.

சேதுபதிச் சீமையின் வடக்குக் கரையில், தேவிபட்டினம் பக்கமாக நின்று வடகிழக்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். தமிழன் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்தபோது, புத்தகத்தோடு அமெரிக்காவும் கூடவே வந்து உட்கார்ந்தது அங்கேதான். வருஷம் 1816.

வந்தவர்கள் 'அமெரிக்கன் போர்டு' என்ற மிஷன் அமைப்பின் பாதிரிமார்கள். 1812-ல்தான் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சண்டை போட்டிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அமெரிக்கர் என்றாலே முகம் சுளித்தது. இலங்கையோ கம்பெனியிடம் இல்லை, நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கையில் இருந்தது. அங்கே இடம் கிடைத்தது. அதுவும் தலைநகரில் இல்லை, வடக்கு மூலையில். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடிந்து கிடந்த பழைய தேவாலயங்களைச் சரி செய்துகொண்டு குடியேறினார்கள்.

1823-ல் வட்டுக்கோட்டை செமினரி ஆரம்பமானது. தலைவர் டேனியல் பூவர். இங்கிலீஷ், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம் என்று அன்றைய அமெரிக்கக் கல்லூரியின் பாடத்திட்டம் பனந்தோப்புக்கு நடுவே வந்துவிட்டது. 1824-ல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கும் விடுதிப் பள்ளி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது!

சரி, இந்தப் பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் யார் பணம் கொடுத்தது? அமெரிக்காவில் இருந்த தர்மவான்கள். ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைக்கலாம். அப்பா அம்மா வைத்த பெயருக்கு முன்னால், முகம் தெரியாத யாரோ ஒரு அமெரிக்கரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றெல்லாம் யாழ்ப்பாணத்து அறிஞர்களின் பெயர்களைப் படிக்கும்போது விசித்திரமாக இருக்கும். விஷயம் இதுதான். 1841-ல் இங்கிலீஷும் தமிழும் கலந்து 'உதயதாரகை' என்ற பத்திரிகை வந்தது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். யாரோ வெள்ளைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேருமே செமினரியில் படித்த தமிழர்கள்!

ஒரு மொழியைச் சொல்லித்தருகிறவர் தன் தெருவையும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறார். இந்தப் பாதிரிமார்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். கிராமத்துப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மது விலக்கு, காலந்தவறாமை என்பவைதான் அவர்கள் அறிந்த, அவர்கள் விரும்பிய அமெரிக்கா. அதே நாட்டின் தெற்கே பருத்திக் காடுகளில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். 1865 வரை அடிமை முறை ஒழியவில்லை. பாடப்புத்தகத்தில் வரும் நாடும் பூகோளத்தில் இருக்கும் நாடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கற்றுக்கொண்டவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? பாதிரியார் எதிர்பார்த்தது உபதேசியார்களை. பிள்ளைகள் எதிர்பார்த்தது உத்தியோகத்தை. இங்கிலீஷ் கைக்கு வந்ததும் கச்சேரி வேலை, சர்வே வேலை, கணக்கு வேலை என்று கிளம்பிவிட்டார்கள். அமெரிக்கத் தலைமைக்குப் பொறுக்கவில்லை. போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரிலேயே வந்து பார்த்தார். இங்கிலீஷ் படிப்பு இந்தப் பிள்ளைகளைச் சொந்த ஜனங்களிடமிருந்து பிரிக்கிறது, சுவிசேஷத்தைச் சொந்த மொழியில் சொல்லவே ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. 1855-ல் செமினரிக்குப் பூட்டு!

ஆண்டர்சன் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. தாய்மொழியில் சொல்லித்தர முடியும் என்பதற்கு அதே மிஷனில் ஒரு சாட்சி இருந்தார். மாசசூசெட்ஸிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். உடற்கூறு, அறுவை சிகிச்சை, பிரசவம் என்று மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே பாடம் நடத்தி டாக்டர்களை உருவாக்கினார். இன்றைக்கும் 'மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா?' என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். அங்கே ஓர் அமெரிக்கர் செய்தே காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? படிக்கிறவரா, பணம் கொடுக்கிறவரா? இதுதான் அன்றைய வழக்கு. யாழ்ப்பாணத்தார் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று கேட்டு, பணமும் திரட்டினார்கள். 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலில் பி.ஏ. பட்டம் கொடுத்தபோது வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேருமே பூட்டப்பட்ட வட்டுக்கோட்டையின் மாணவர்கள்! தாமோதரம்பிள்ளை பிறகு என்ன செய்தார்? கரையான் அரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித்தேடி, வீரசோழியம், கலித்தொகை என்று அச்சில் ஏற்றினார். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் புடம் போடப்பட்ட மூளை, பழந்தமிழைக் காப்பாற்றப் போய்விட்டது. எந்த மிஷன் அறிக்கையும் இதை எதிர்பார்த்திருக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய அந்த மிஷன் 1834-ல் கடல் தாண்டி மதுரைக்கும் வந்தது. பூவரும் சில வருஷம் மதுரையில் இருந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார். 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பிற்பாடு தல்லாகுளத்துக்கு இடம் மாறி, மதுரைக்காரர்கள் வாயில் இன்றும் 'அமெரிக்கன் காலேஜ்'. 1950-களிலிருந்து அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள், அங்கே இங்கிலீஷ் சொல்லித்தர வந்து போனார்கள். ராமநாதபுரம் பக்கத்து விவசாயி வீட்டுப் பையனுக்கு, ஓர் அமெரிக்கர் தன் வயசுக்குக் கொஞ்சம் மூத்த அண்ணன் மாதிரி பெஞ்சுக்கு எதிரே நிற்பார். பைபிளும் இல்லை, பிரம்பும் இல்லை. இந்த அறிமுகம் வேறு தினுசு.

நடுவே ஒரு முக்கியமான படகு இருக்கிறது. 1897 ஜனவரி 26. யாழ்ப்பாணத்தில் பேசிவிட்டு, இதே கடலைத் தாண்டிப் பாம்பனில் வந்து இறங்கினார் விவேகானந்தர். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. உத்தரகோசமங்கைக் கோயிலைப் பரம்பரையாகப் பரிபாலித்த அதே சமஸ்தானத்தின் அரசர். சிகாகோவுக்குப் போகும் எண்ணத்தை முதலில் தூண்டியவர் இவர்தான் என்று விவேகானந்தரே ராமநாதபுரத்தில் சொன்னார்.

விவேகானந்தர் அங்கே என்ன பேசினார் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன பார்த்தார் என்பதைச் சென்னையில் இருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்குக் கடிதமாக எழுதினார். 1893 ஆகஸ்டில் மாசசூசெட்ஸிலிருந்து எழுதிய கடிதத்தில் குளிர் இருக்கிறது, கையைக் கடிக்கும் செலவு இருக்கிறது. பெண்கள் சிறைச்சாலை ஒன்றைப் போய்ப் பார்த்தது இருக்கிறது. குற்றவாளியைத் திருத்தி, மறுபடி சமூகத்தில் சேர்க்கப் பாடுபடுவதைப் பார்த்து வியந்து, நம் ஊர் ஏழைகளை நாம் நடத்தும் விதத்தை நினைத்துப் பொருமுகிறார். யாழ்ப்பாணத்துக்குப் பாதிரியார் கொண்டு வந்தது அமெரிக்கர் காட்ட விரும்பிய அமெரிக்கா. இது நம் ஆள் ஒருவர் தன் கண்ணால் பார்த்துச் சொன்ன அமெரிக்கா. பெரிய வித்தியாசம்.

அப்புறம் காலம் ஓடியது. 1960-ல் அமெரிக்க அரசு 'ஸ்பான்' பத்திரிகையை ஆரம்பித்தது. வழவழ தாளில் விண்வெளியும் வீட்டு வாசலில் காரும் வந்தன. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னையில் கால் சென்டர்கள் முளைத்தன. ராத்திரி முழுக்க வேலை. வேலைக்கு முன்னால் பயிற்சி: நாக்கைச் சுழற்றுவது எப்படி, 'தேங்க்ஸ்கிவிங்' என்றால் என்ன, பேஸ்பாலில் யார் ஜெயித்தார்கள், எந்த மாநிலத்தில் இப்போது பனி கொட்டுகிறது. கூடவே ஒரு புதுப் பெயர். பகலில் முருகேசன், ராத்திரியில் மைக்.

வட்டுக்கோட்டைப் பையன் ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட 180 வருஷ இடைவெளி. அன்றைக்குச் சோறு போட்டவர் பெயர் வைத்தார். இன்றைக்குச் சம்பளம் போட்டவர் பெயர் வைத்தார். ஒரு வித்தியாசம் உண்டு. விசுவநாதபிள்ளை 'கறல்' என்ற பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, விசுவநாதபிள்ளையாகவும் கடைசிவரை இருந்தார். அவருக்கு அமெரிக்கப் பெயரோடு நியூட்டனும் யூக்ளிடும் கிடைத்தார்கள். மைக்குக்குக் கிடைத்தது, அடுத்த அழைப்பில் பேச வேண்டிய நாலு வாக்கியம். மொழியோடு ஒரு நாட்டை அறிமுகம் செய்கிறேன் என்று யார் வந்தாலும், எவ்வளவு நாட்டைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எதிர்த் திசையிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. தமிழ் படிக்க மதுரைக்கு வந்து தங்கிய அமெரிக்க மாணவர்கள் எத்தனையோ பேர். 'சாப்பிட்டாச்சா?' என்றால் அது சாப்பாட்டுக் கணக்கு இல்லை, விசாரிப்பு என்பதையும், 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் வெறுமனே 'போறேன்' என்றால் பாட்டி கோபித்துக்கொள்வாள் என்பதையும் புத்தகத்துக்கு வெளியேதான் கற்க வேண்டும். அமெரிக்க அறிஞர் கிளென் யோக்கம் 1982-ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் பற்றி ஒரு தனி ஆய்வு நூலே எழுதினார். திருவாசகத்தில் 'நீத்தல் விண்ணப்பம்' உத்தரகோசமங்கையில் பாடப்பட்டது. 'என்னைக் கைவிட்டுவிடாதே' என்று அம்பது பாட்டாக ஆண்டவனிடம் மன்றாடுகிற பதிகம்.

அதைப் புரிந்துகொள்ள அவர் தமிழ் இலக்கணம் படித்தால் மட்டும் போதாது. சிவன் யார், அடியார் யார், இந்த மண்ணில் ஒருவர் இன்னொருவரிடம் உரிமையோடு கெஞ்சுவது எப்படி என்பதெல்லாம் தெரிய வேண்டும். அவர் யோக்கம் என்ற தன் பெயரிலேயே அதைக் கற்றுக்கொண்டார். முருகேசனுக்கும் அந்த வசதி கிடைத்திருக்க வேண்டும்.