மருந்து ஏன் "கேட்காமல்" போகிறது?



"முதல்ல மருந்து நல்லாத்தான் கேட்டிச்சு, இப்ப கேக்குதில்ல. இனி மஹரகமைக்குப் போய் என்ன செய்ய?" புற்றுநோய் வந்த வீடுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்பு, பிறகு மஹரகம. ஒருமுறை போய் வந்தால் இரண்டு மூன்று பேர் போய்விடும். அதனால் கிளினிக்கையே விட்டுவிடுகிறார்கள். டாக்டர் போலி மருந்து கொடுத்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பிரச்சினை கீமோ மருந்து பிறந்த அன்றே கூடவே பிறந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவருடைய குழு தயாரித்த அமினோப்டெரின் மருந்தை, பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள். 1948இல் உலகமே அதைப் பேசியது. ஆனால் தேறியது கொஞ்ச காலம்தான், நோய் திரும்பி வந்தது.

காரணத்தை நம் மலையிலேயே பார்க்கலாம். புல்லுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகாமல் தப்பிய புல் மட்டும் விதை போட்டுப் பரவும். புற்றுக் கலங்களும் அப்படித்தான். 1976இல் கனடாவில் ஜூலியானோ, லிங் என்ற இருவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். சில கலங்களின் மேல்தோலில் பி-கிளைக்கோபுரதம் என்றொரு பம்ப் இருக்கிறது. உள்ளே வரும் மருந்தை அது வெளியே இறைத்துவிடும், மழைக்கு ஒழுகும் லயத்தில் நாம் வாளியால் தண்ணீர் இறைப்பது போல. மோசம் என்னவென்றால், ஒரு மருந்துக்குப் பழகிய பம்ப், கலம் அதுவரை பார்த்தேயிராத வேறு மருந்துகளையும் தள்ளிவிடும். பம்பை அடைக்க பிரஷர் மருந்தான வெரபமிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். தேவையான அளவு கொடுத்தால் இதயம் தாங்கவில்லை.

நனோ வருவது இங்கேதான். ஒரு மில்லிமீற்றரை பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு நனோமீற்றர். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹம் கண்ட கொழுப்புக் குமிழிக்குள், சிவப்பு நிற மருந்தான டொக்ஸோரூபிசினை அடைத்தார்கள். குமிழி சுமார் 100 நனோமீற்றர்தான். ஜெருசலேமில் ஆரம்பித்து அமெரிக்காவில் முடிந்த வேலை அது. 1995இல் டொக்ஸில் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. 1999இல், வேறு மருந்துகள் கேட்காமல் போன சூலகப் புற்றுநோய்க்கும் அனுமதித்தார்கள். இதயத்துக்குக் கெடுதி குறைந்தது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியும்.

பிறகு நடந்தது எங்களுக்குப் பிடித்த கதை. 2011இல் அதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலை நின்றுபோனது, நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். 2012 பெப்ரவரியில் அமெரிக்க அரசு இந்தியாவின் சன் பார்மா செய்த லிப்போடொக்ஸை இறக்குமதி செய்ய விட்டது. 2022இல் மருந்தில்லாமல் தவித்த நமக்கு, பணக்கார நாட்டுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது என்பது ஒரு செய்திதான்.

ஆய்வுகூடத்தில் இந்தக் குமிழிகள் பம்பை ஏமாற்றுகின்றன. மனித உடம்பில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 2017இல் அனுமதி பெற்ற வைக்சியோஸ், இரண்டு மருந்துகளை 5க்கு 1 என்ற கணக்கில் ஒரே குமிழியில் அடைத்தது. கடுமையான ஒருவகை இரத்தப் புற்றுநோயில், 60 முதல் 75 வயதானவர்களின் சராசரி ஆயுள் 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமானது. மூன்றரை மாதம். அதனால் "நனோ சொட்டு மருந்து, புற்றுநோய் பறந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் விற்பவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒரு மருந்து கேட்காவிட்டால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார், அதற்கு நாம் கிளினிக்கில் இருக்க வேண்டும். விட்டவர்கள் பழைய கிளினிக் கொப்பியோடு திரும்பப் போகலாம். சிங்களத்தில் பேச ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், பாடசாலை விடுமுறை நாட்களில் எங்களில் ஒருவர் கூட வருவோம்.