கிள்ளிகுளம் கத்தரியும் விடை பெறாத கேள்விகளும்: மரபணு மாற்று உணவுப் பயிர்கள் பற்றிய மக்கள் ஐயங்கள் — தாமிரபரணிப் படுகையை முன்வைத்து

மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரியைச் சாகுபடிக்கு விடலாம் என மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பரிந்துரைத்தது. நான்கு மாதங்களுக்குள், 2010 பிப்ரவரி 9 அன்று, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. மக்களின் ஐயத்தை அறியாமை என்று ஒரு தரப்பு ஒதுக்குகிறது. தொழில்நுட்பத்தையே நஞ்சு என்று இன்னொரு தரப்பு தள்ளுகிறது. இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன: வேறு வேறான மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்புகின்றன. இதை உண்ணலாமா? இந்த விதை யாருடையது? எங்களை யார் கேட்டார்கள்? முதல் கேள்விக்கு அறிவியல் பெருமளவு விடை தந்திருக்கிறது. எஞ்சிய இரண்டுக்கும் நம் நிறுவனங்கள் விடை தரவில்லை என்பதும், பொதுமக்களின் ஐயம் நியாயமான வலுப் பெறுவது அங்கேதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. புது விதையை ஏற்ற மண்

தாமிரபரணிப் படுகை புதுமைக்கு அஞ்சும் நிலம் அன்று. இந்நிலத்தைப் பாடும் பள்ளு நூலான முக்கூடற்பள்ளு அடுக்கும் நெல் வகைகளில் சீரகச்சம்பாவும் மணல்வாரியும் காடைக்கழுத்தனும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று இவ்வயல்களில் இல்லை. கார், பிசானம் ஆகிய இரு நெற்பருவங்களிலும் அவற்றின் இடத்தைப் பிடித்தவை ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள். அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16, ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலந்து உருவானது. குட்டையும் பருமனுமான அதன் அரிசி இட்லிக்கென்றே பெயர் பெற்றது. அந்தக் கலப்பைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. ஏன்? ஆராய்ச்சிப் பண்ணை கண்ணெதிரே இருந்தது. விதையை எடுத்துவைத்து மறுபூவுக்கு விதைக்க முடிந்தது. பக்கத்து வயல்காரருக்குப் படி அளந்து கொடுக்கவும் முடிந்தது. குறை கண்டால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிந்திருந்தது. ஒரு விதையின் மீதான நம்பிக்கை இந்த ஏற்பாடுகளில்தான் தங்கியிருக்கிறது.

பழமை முழுவதும் உழவர் உரிமையின் பொற்காலம் என்று கொள்ளவும் இடமில்லை. பள்ளு இலக்கியத்தில் உழுபவன் விதை வகைகளையும் மாட்டு வகைகளையும் அடுக்கிச் சொல்வது பண்ணைக்காரனிடம். விதையை அறிந்தவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்ற பிளவு அக்காலத்திலேயே இருந்தது. இன்று அந்தப் பண்ணைக்காரன் இடத்தில் வேறொருவர் வந்து அமரப்போகிறாரா என்பதே நாம் கேட்க வேண்டியது.

2. கிள்ளிகுளம் 1

பி.டி. கத்தரியை ஒரு நிறுவனத்தின் சரக்காக மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்காளி. மகிகோ என்னும் விதை நிறுவனம் 'இஇ-1' என்ற தன் மரபணு நிகழ்வை, அதாவது அயல் மரபணு புகுத்தப்பட்ட கத்தரி வழியை, பல்கலைக்கழகத்துக்குத் தந்தது. கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய நான்கு ரகங்களில் அது ஏற்றப்பட்டது. இவற்றில் கிள்ளிகுளம் 1 நம் ஆற்றங்கரையைச் சேர்ந்தது. வல்லநாட்டுக்கு அருகிலுள்ள கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் பெயரைத் தாங்கிய அந்த ரகம் குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. முட்டை வடிவில் பால்வெள்ளையாகக் கொத்தாய்க் காய்ப்பது. தலைமுறை தலைமுறையாகக் கரிசல் உழவர்கள் காய்பார்த்து விதைக்கு விட்டுக் காத்த பயிர் அந்த நாட்டுக் கத்தரி.

தொழில்நுட்பத்தின் நோக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரியின் பெரும் பகை. அதற்காகப் பருவம் முழுதும் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். முகமூடி இல்லாமல் அடிப்பவரின் உடலிலும் அது இறங்குகிறது, அடித்த சில நாளிலேயே பறித்துச் சந்தைக்குப் போகும் காயிலும் தங்குகிறது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் 'க்ரை1ஏசி' மரபணுவைச் செடியில் புகுத்தினால், செடியே அப்புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும். வங்கதேசம் 2013-இல் இதே நிகழ்வை ஏற்ற ரகங்களுக்கு ஒப்புதல் தந்தது. அங்கு நடந்த களஆய்வுகள், பூச்சிமருந்துச் செலவு பெரிதும் குறைந்ததையும் விளைச்சல் கூடியதையும் காட்டின. மருந்தின் கேட்டை எதிர்க்கும் எவரும் இச்சான்றைப் புறந்தள்ளலாகாது.

3. உண்ணலாமா?

க்ரை1ஏசி புரதம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில், அதற்கென உள்ள ஏற்பிகளில் ஒட்டியே வேலை செய்கிறது. மனித இரைப்பை அமிலத்தன்மை கொண்டது. அத்தகைய ஏற்பிகள் நம் குடலில் இல்லை. மேலும் இந்த மரபணு நம் உணவு வட்டத்துக்குள் நுழைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே. பருத்திக்கொட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. அதன் எண்ணெய் சமையலுக்குப் போகிறது. மதுரைப் பக்கம் பருத்திப்பாலாகவும் காய்ச்சப்படுகிறது. ஆகவே மரபணு மாற்று உணவை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற எண்ணம் உண்மைக்குப் பொருந்தவில்லை.

இதனால் எல்லா ஐயமும் தீர்ந்ததாகாது. பி.டி. கத்தரியின் நச்சுச் சோதனைகளை நடத்துவித்தது விற்க முனைந்த நிறுவனமே. அந்தத் தரவுகள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி கேட்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2008-இல் வெளியாயின. பாதுகாப்பானது என்ற முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் மறைத்துவைத்த கணக்கைச் சரி என்று நம்பச் சொல்வது அறிவியலின் வழி ஆகாது. பருத்தி தந்த பாடமும் உண்டு: இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. புரதங்களுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. கத்தரிக்கும் அது நேராது என்று யாரும் உறுதி கூற முடியாது.

4. யாருடைய விதை?

கிள்ளிகுளம் 1 உழவர் சேமித்துக்கொள்ளக்கூடிய ரகம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருகிறது. நாட்டு ரகத்தின் உடலில் நிறுவனத்தின் மரபணு ஏறியபின் அந்த உரிமை நடைமுறையில் என்னவாகும்? கர்நாடகத்தில் இக்கேள்வி வெறும் ஊகமாக நிற்கவில்லை. பி.டி. கத்தரிக்காக உள்ளூர் ரகங்களை முன் ஒப்புதலின்றிப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரின் பேரில் சட்ட நடவடிக்கை எடுக்க, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011-இல் முடிவெடுத்தது. குளத்தூர்க் கத்தரிக்காகவும் இதே கேள்வி தமிழ்நாட்டில் உரக்கக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

5. யாரைக் கேட்டார்கள்?

2010 ஜனவரி, பிப்ரவரியில் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார்: கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. இந்திய அறிவியல் கொள்கை வரலாற்றில் அது அரிய முயற்சி. ஆனால் நான்கு ரகங்களைத் தந்த தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட இல்லை. வல்லநாட்டுக் கத்தரி விவசாயி தன் ஊர்க் காயைப் பற்றிப் பேச பெங்களூருக்குப் போயிருக்க வேண்டும். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையிலும் பின்னர் களக்காட்டிலும் பணியாற்றி இவ்வட்டாரத்து உழவரை நேரில் அறிந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் போன்றோர் பி.டி. கத்தரிக்குக் காட்டிய எதிர்ப்புக்கு இங்கு அவ்வளவு செவி கிடைத்ததில் வியப்பில்லை. அரசு பேசாத இடத்தில் அவர் பேசினார்.

இன்று கேள்வி நெல்லுக்கு வந்துவிட்டது. 2022 மார்ச் 30 அன்று, அயல் மரபணு எஞ்சாத சிலவகை மரபணுத் திருத்தப் பயிர்களை ஒன்றிய அரசு, மரபணு மாற்று உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. 2025 மே மாதத்தில் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 'கமலா', தமிழக உழவர் நன்கறிந்த பி.பி.டி. 5204-இன் திருத்திய வடிவம். அயல் மரபணு இல்லாததால் உண்ணும் அச்சத்துக்கு இங்கு இடம் இன்னும் குறைவு. ஆனால் திருத்தும் கருவியான கிரிஸ்பர் மீதான அடிப்படைக் காப்புரிமைகள் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் உள்ளன. விதை யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வியும் நிற்கிறது. மரபணு மாற்றுக் கடுகுக்குத் தந்த ஒப்புதலை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஒப்புதலின் செல்லுமை குறித்து மாறுபட்டார்கள். எனினும், எல்லாத் தரப்பையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

6. முடிவு

நிரந்தரத் தடையும் விரைந்த ஒப்புதலும் ஒரே பொறுப்பிலிருந்து நழுவும் இரண்டு வழிகள். 2010-இன் தடை சார்பற்ற ஆய்வுகள் நடக்கும்வரை என்றே போடப்பட்டது. ஆண்டுகள் கடந்தும் அவ்வாய்வுகளை நடத்தி முடிக்காத அரசுகளும், அவற்றைக் கோராமல் தடையோடு மனநிறைவு கொண்ட இயக்கங்களும் இதற்குப் பொறுப்பு. சோதனைகள் பொதுப்பணத்தில், விற்பவரின் கை படாமல் நடக்கட்டும். தரவு முழுதும் தமிழிலும் வெளியாகட்டும். உழவர் சேமிக்க முடியாத எந்த விதையையும் பொதுப் பல்கலைக்கழகங்கள் தம் பெயரில் வெளியிடலாகாது. நாட்டு ரகம் ஒன்றைத் தொடுவதற்கு முன், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிகளில் அமைக்கச் சொல்லும் மேலாண்மைக் குழுக்களின் கருத்து கேட்கப்பட வேண்டும். அதற்கான கூட்டம் முக்கூடல் பேரூராட்சியிலும் வல்லநாட்டிலும் நடக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை நிறைவேற்றிய விதையை அம்பை 16-ஐ ஏற்ற உழவர் தயங்காமல் சோதித்துப் பார்ப்பார். நிறைவேற்றாத விதையை அவர் மறுத்தால், அம்மறுப்பை அறியாமை என்று சொல்லும் தகுதி எந்த ஆய்வகத்துக்கும் கிடையாது.